ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆமென்

சண்டை போட்டுக்கொண்டு சபையை விட்டுப் போனவர்கள் உலகத்தில் ஏராளம். அப்படிப் போன பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் அதே சபைக்கு வந்துகொண்டிருந்தவர், எனக்குத் தெரிந்து, பைப் மாமா ஒருவர்தான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. ஆனால் அந்த ஞானஸ்நானமே செல்லாது என்று பிற்பாடு அவரே அறிவித்துவிட்டதால், அந்தப் பெயரை இங்கே எழுதுவது நாகரிகமில்லை. நாங்கள் இருந்த காஜா பெராங் பகுதியில் எல்லோருக்கும் அவர் பைப் மாமாதான். மலாக்கா நகரத்தின் தண்ணீர்க் குழாய்களை மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தைய காலம் அது. நான் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் நாள் முழுவதும் புடவைகளைப் பிரித்துக் காட்டி, மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். ராத்தங்கல், சாப்பாடு எல்லாம் பைப் மாமா வீட்டு முன்னறையில்.

மாமாவுக்குத் தண்ணீர்தான் எல்லாம். சுவரில் காதை வைத்து, உள்ளே குழாய் எங்கே வளைகிறது என்று சொல்வார். பாதி நேரம் தப்பாகச் சொல்வார், சுவர் இடிந்த பிறகுதான் அது தெரியும். சாப்பாட்டில்கூட அதே பேச்சு. "இன்னைக்கு ரசத்துல பிரஷர் கம்மி, கிரேஸ்" என்பார். அவர் மனைவி கிரேஸ் அத்தை இன்னும் இரண்டு மிளகாயைக் கிள்ளிப் போடுவார்.

தண்ணீருக்கு அடுத்தபடி மாமாவிடம் இருந்தது குரல். பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசினால் வருமே, அந்த மாதிரிக் குரல். சபையின் பாட்டுக் குழுவில் கீழ்க்குரல் பாட அவர் ஒருவர்தான். அவர் "ஆமென்" சொன்னால் சபைக்கு எதிர்வீட்டுச் சீனரின் நாய் எழுந்து நின்று ஒருமுறை குரைத்துவிட்டுப் படுக்கும். அவர் ஊருக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாய் சரியாகத் தூங்கவில்லை என்று அவர்கள் மகள் எஸ்தர் சொல்லியிருக்கிறாள்.

எல்லாக் குழப்பமும் ஒரு கைக்குழந்தையால் ஆரம்பித்தது. சபையில் அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம். போதகர் விரல்களைத் தண்ணீரில் தொட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் குழந்தையின் தலையில் தெளித்தார். எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டார்கள். பைப் மாமா மட்டும் முன்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார். குழந்தைக்கு அடர்த்தியான தலைமுடி.

"தம்பி, அந்தத் தண்ணி தோல்லயே படல" என்றார் அன்று மத்தியானம் என்னிடம். "முடியோட நின்னு போச்சு. நான் பார்த்தேன்."

"அதனால என்ன மாமா?"

"என்னவா? வீட்டு வாசல் வரைக்கும் பைப் போட்டுட்டு, உள்ள தண்ணி வரலன்னா கனெக்‌ஷன் கொடுத்த மாதிரி ஆகுமா?"

நான் இந்து. எங்கள் கோயிலில் ஐயர் தீர்த்தத்தைப் பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்து வீசுவார். யார்மேல் விழுகிறதோ அவர்களுக்குப் புண்ணியம், விழாதவர்களுக்கும் பெரிய நஷ்டமில்லை. இதை அவரிடம் சொன்னேன். என்னை அவர் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

அதற்குப் பிறகு மாமா வேதாகமத்தை எடுத்துவைத்துக்கொண்டு தண்ணீர் வருகிற இடங்களையெல்லாம் படித்தார். யோர்தான் நதியில் இறங்கினார்கள், ஏறினார்கள் என்றுதான் இருக்கிறது. இறங்கவும் ஏறவும் ஆழம் வேண்டும். அப்படியென்றால் முழுக வேண்டும். தெளிப்பது செல்லாது. சிறு வயதில் தனக்குத் தெளித்ததும் செல்லாது. ஆகவே இத்தனை வருஷமாகத் தான் கிறிஸ்தவனே இல்லை. இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் கழுத்தளவு குழப்பத்தில் நின்றுகொண்டு போதகரிடம் போனார்.

போதகர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். "தண்ணியோட அளவு முக்கியமில்லைங்க. விசுவாசம்தான் முக்கியம்" என்றார்.

"அளவு முக்கியமில்லன்னா வீட்டுக்கு வீடு எதுக்குங்கய்யா மீட்டர்?"



அடுத்த ஞாயிறு ஆராதனையின் நடுவே, அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில், பைப் மாமா எழுந்து நின்றார். "சபையாருக்கு வணக்கம். உபதேசத்துல எனக்கு ஒத்து வரல. நான் இந்தச் சபைய விட்டுப் போறேன். இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார். சபையே திகைத்துப் போனது. மாமாவும் கொஞ்ச நேரம் திகைத்து நின்றார். அடுத்து ஒரு பாட்டு இருந்தது, கீழ்க்குரலுக்கு வேறு ஆள் கிடையாது. ஆகவே உட்கார்ந்தார். பாட்டைப் பாடினார். பிரசங்கம், காணிக்கை, கடைசி ஜெபம், ஆமென் எல்லாம் முடிந்து, எல்லோரும் போகும்போது தானும் போனார். அவர் சபையை விட்டுப் போய்விட்டார் என்பது பலருக்கு அன்று புரியவே இல்லை. எல்லோரும்தானே போனார்கள்?

அதற்கு அடுத்த ஞாயிறுதான் நிஜமான சிக்கல். கிரேஸ் அத்தையைச் சர்ச்சுக்குச் சைக்கிளில் கூட்டிப் போவது கல்யாணமான நாளிலிருந்து மாமாவின் வேலை. உபதேசம் வேறு, சைக்கிள் வேறு. அத்தையை இறக்கிவிட்டார். வாசப்படியை மிதிக்கக் கூடாது, திரும்பக் கூட்டிப் போக வேண்டும், அதுவரை எங்கே நிற்பது? பக்கச் சுவரில் ஒரு ஜன்னல், அதன் கீழே லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய், லோங்காங் மேல் ஒரு பலகை. அதில் ஏறி நின்றார். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே கீழ்க்குரலும் ஆரம்பித்தது.

பாட்டுக் குழுவை நடத்திய வாத்தியாருக்குத் தலைவலி. வெளியிலிருந்து வருகிற குரல் எப்போதும் ஒரு நொடி பின்தங்கியே வந்தது. உள்ளே எல்லோரும் பாட்டை முடித்து உட்கார்ந்த பிறகு, ஜன்னல் தனியாகக் கடைசி வரியைப் பாடும். பிரசங்கத்தில் நல்ல வார்த்தை வந்தால் ஜன்னல் "ஆமென்" என்னும். ஒத்துவராத வார்த்தை வந்தால் ஜன்னல் இருமும். போதகர் நாளடைவில் சபையைப் பார்த்துப் பாதியும் ஜன்னலைப் பார்த்துப் பாதியுமாகப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார்.

"மாமா, நீங்க உள்ளயா வெளியயா?" என்று கேட்டேன்.

"வெளியதான். அதுல என்ன சந்தேகம்?"

"பின்ன ஏன் ஆமென் சொல்றீங்க?"

"நல்லதச் சொன்னா ஆமென் சொல்லாம இருக்க முடியுமா? நீ என்னப்பா, ஒண்ணும் புரியாதவனா இருக்கே."

எனக்கு ஒன்றும் புரியவில்லைதான். அந்த வருஷம் ஊரே அப்படித்தான் இருந்தது. சுதந்திரம் வரப்போகிறது, இங்கேயே இருப்பதா, கப்பலேறி ஊருக்குப் போவதா, எந்த நாட்டுப் பிரஜை ஆவது என்று கடைக்கு வந்தவர்களெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எந்த நாட்டான் என்றே எனக்குத் தெரியாத நிலையில், பைப் மாமா எந்தச் சபை என்று எப்படிச் சொல்வது?

இதுவரை எல்லாம் சிரிக்கிற சங்கதி. ஒரு நாள் சாப்பிடும்போது அது மாறியது.

கிரேஸ் அத்தை சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார். "அந்தச் சபைல தெளிச்சது செல்லாதுன்னா, உங்களுக்கும் செல்லாது, எனக்கும் செல்லாது. அப்ப நாம ரெண்டு பேரும் ஞானஸ்நானம் இல்லாதவங்க. அந்தச் சபைல நடந்த நம்ம கல்யாணம் மட்டும் செல்லுமா?"

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் "செல்லும்" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டிருப்பான். பைப் மாமா பொய் சொல்லத் தெரியாத மனிதர். கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு மீன் முள்ளை எடுத்தேன். ஒரே முள்ளைத் திரும்பத் திரும்ப எடுத்தேன்.

"யோசிச்சுத்தான் சொல்லணும்" என்றார் கடைசியில்.

அத்தை சட்டியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து அவர் மாமாவோடு பேசவில்லை. பேச வேண்டியதெல்லாம் என் வழியாக வந்தது.

"தம்பி, அந்த மனுஷன்கிட்ட சாப்பாடு ஆயிருச்சுன்னு சொல்லுங்க."

அந்த மனுஷன் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் சொல்வேன். "வர்றேன்னு சொல்லு" என்பார். அதையும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை சைக்கிளின் பின்னால் ஏறி உட்காருவார், பழையபடி மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொள்ளாமல் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொள்வார். மாமா வழக்கத்தைவிட மெதுவாக மிதிப்பார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாமாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. தான் முறையாக முழுகிவிட்டால், அதன்பின் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு வரலாம். புக்கிட் பாருவில் ஒரு வீட்டில் மாதம் ஒருமுறை கூடுகிற சின்னக் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் முழுக்குக்காரர்கள். சிரம்பானிலிருந்து ஒரு பிரசங்கியார் வருவார். அவரிடம் பேசி நாள் குறித்தார். இடம், உஜோங் பாசிர் கடல்.

என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். மாற்று வேட்டி, துண்டு, சோப்பு எல்லாம் என் கையில். சோப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தால் கடலைக் காணோம்.

உண்மையாகத்தான் சொல்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அதற்கும் அப்பால் ஒரு கோடு மாதிரித் தண்ணீர் மின்னியது. பிரசங்கியார் சிரம்பான்காரர், ஊரில் கடல் கிடையாது. கூட வந்தவர்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மாமாவோ திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும் என்று நம்பி வாழ்ந்த மனிதர். கடல் நேரத்துக்குத் தக்கபடி ஏறும், இறங்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த கம்போங் போர்த்துகீஸ் என்ற மீனவர் குடியிருப்புக்காரர் ஒருவர் எங்கள் வெள்ளை உடைகளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆயர் சூருட்லா" என்றார். தண்ணீர் வடிந்துவிட்டது என்று மலாயில் சொல்கிறார். ராத்திரிதான் ஏறும் என்று கையாலும் காட்டினார்.

சிரம்பானுக்குக் கடைசி பஸ் சாயங்காலம். காத்திருக்க முடியாது. ஜெபம் பண்ணிக்கொண்டே சேற்றில் நடந்தோம். கணுக்கால்வரை சேறு, அதற்குமேல் கொஞ்சம் தண்ணீர். எவ்வளவு தூரம் போனாலும் கடல் முழங்காலுக்கு மேல் ஏற மறுத்தது. கடைசியில் பிரசங்கியார் நின்றார். மாமாவின் மூக்கைப் பிடித்தார், முதுகில் கை கொடுத்தார், மல்லாக்கச் சாய்த்தார்.

தலை உள்ளே போனது. கால் உள்ளே போனது. வயிறு மட்டும் போகவில்லை. தூரத்தில் தெரிந்த புலாவ் பெசார் தீவு மாதிரி அது தண்ணீருக்கு மேலே நின்றது. பிரசங்கியார் ஒரு கையால் வயிற்றை அமுக்கினார், தலை வெளியே வந்தது. தலையை அமுக்கினார், வயிறு வந்தது. கூட வந்தவர்கள் பாட்டை இன்னும் சத்தமாகப் பாடினார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் மாமா என்னை மன்னித்துவிடுவார், அதுதான் பயம்.

"ஆயிற்று சகோதரரே! அல்லேலூயா!" என்றார் பிரசங்கியார் மூச்சு வாங்க.

சேறும் தண்ணீருமாக எழுந்து நின்ற மாமா வயிற்றைத் தடவிப் பார்த்தார். "ஆகல. வயிறு நனையல."

"நனைஞ்சது சகோதரரே. நான் பார்த்தேன், அலை வந்து அடிச்சுது."

"அலை வந்து அடிச்சா அது தெளிப்பு!"

அந்தச் சபையையும் விட்டு மாமா அங்கேயே, முழங்கால் தண்ணீரில் நின்றபடி விலகினார். வீட்டு வாசலில் கால் கழுவும்போது, "இப்ப நான் அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல தம்பி" என்றார். அந்தக் குரல் அவ்வளவு மெதுவாகவும் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இந்த நிலைமையில் எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மூவாரில் மருத்துவமனை உதவியாளர். கல்யாணம் அதே பழைய சபையில். பெண்ணை அப்பாதான் கைபிடித்து உள்ளே கூட்டிப் போக வேண்டும். எஸ்தர் அழுதாள். மாமா அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அப்பா பிடிவாதத்துல சொல்லலம்மா. நான் ஞானஸ்நானம் இல்லாதவன். உள்ள போய் ஆண்டவர் முன்னால எந்த முகத்தோட உன்னக் கொடுப்பேன்? வாசல் வரைக்கும் வர்றேன். அங்கேருந்து உன் மாமன் கூட்டிட்டுப் போகட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் இந்த மனிதர் நிஜமாகவே வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

கல்யாணத்தன்று மாமா கறுப்புக் கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு எஸ்தரை வாசல் மண்டபம் வரை கூட்டி வந்தார். அவள் கையைக் கிரேஸ் அத்தையின் தம்பி கையில் கொடுத்தார். நேராகப் போய்த் தன் லோங்காங் பலகையில் ஏறி நின்றார். உள்ளே ஆர்கன் முழங்கியது. எஸ்தர் அசையவில்லை.

"அப்பா வராட்டி நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள். அவள் மாமன் கெஞ்சினார். ஆர்கன் வாசித்தவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் முறையும் ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணுக்கு இஷ்டமில்லையோ என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்க ஆரம்பித்தார்.

அப்போது மழை பிடித்தது. மலாக்கா மழைக்கு முன்னெச்சரிக்கை எல்லாம் கிடையாது. ஒரு நிமிஷம் வெயில், மறு நிமிஷம் எதிர்வீடு தெரியவில்லை. கூரைத் தண்ணீர் ஓடும் தகரப் பீலி நிரம்பி, சரியாக அந்த ஜன்னலுக்கு மேலே வழிந்து, பைப் மாமாவின் உச்சந்தலையில் கொட்டியது. "உள்ள வாங்க மாமா!" என்று மண்டபத்திலிருந்து எல்லோரும் கத்தினோம். அவர் நகரவில்லை. பெண்ணுக்கான பாட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது, அவர் கீழ்க்குரல் பாடிக்கொண்டிருந்தார்.

போதகர் பீடத்திலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தார். பின்னாலேயே, என்ன தாமதம் என்று பார்க்கக் கிரேஸ் அத்தையும் வந்தார். போதகர் மண்டபத்தின் விளிம்பில் நின்று மாமாவைப் பார்த்தார்.

"வயிறு நனைஞ்சிருச்சாங்க?" என்று கேட்டார்.

உஜோங் பாசிர் கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது. மாமா கோட்டைத் திறந்தார். சட்டையை அமுக்கிப் பார்த்தார். டையைப் பிழிந்து பார்த்தார். "நனைஞ்சிருச்சுங்கய்யா. ஒரு இடம் பாக்கி இல்ல."

"அப்ப உள்ள வாங்க."

"ஆனா இது மேலேருந்து விழுதுங்கய்யா. தெளிப்புக் கணக்குல வருமே?"

"தெளிப்புன்னு நான் நினைக்கிறேன். முழுக்குன்னு நீங்க நினைச்சுக்குங்க. எப்படியானாலும் நான் ஊத்தல" என்றார் போதகர். "சண்டை போடணும்னா மேல ஊத்துறவர்கிட்ட போட்டுக்குங்க."

மாமா மேலே பார்த்தார். கண்ணில் தண்ணீர் அடித்தது. அந்த முகத்தில் இருந்த குழப்பத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றிருப்பாரோ தெரியாது, கிரேஸ் அத்தை பேசினார். என்னிடம் இல்லை.

"ஏங்க. சளி பிடிக்கும். புள்ள நிக்கிறா பாருங்க. வாங்க."

அவ்வளவுதான். மாமா பலகையிலிருந்து இறங்கி வந்தார். வாசப்படியை மிதித்தார். எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஷூவில் சளக் சளக் என்று தண்ணீர் சத்தம் போட, நடைபாதை முழுக்கச் சொட்டிக்கொண்டே பீடம்வரை போனார். பெண்ணைக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அத்தை தன் பட்டுப்புடவை முந்தானையால் அவர் தலையைத் துவட்டினார். அது எங்கள் கடைப் புடவை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன், ஈரம் பட்டால் சாயம் போகும்.

போதகர் சடங்கை ஆரம்பித்தார். "இந்தத் திருமணத்தைக் குறித்து யாருக்காவது தடை சொல்ல இருந்தால் இப்போது சொல்லட்டும்" என்று கேட்டு நிறுத்தினார். வெளியே மழைகூடக் கொஞ்சம் விட்டிருந்தது. அந்த அமைதியில் முன்வரிசையிலிருந்து அண்டாக் குரல் எழுந்தது.

"கிரேஸ்."

மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மாமா ரகசியமாகத்தான் பேசினார். அவருடைய ரகசியம் எதிர்வீட்டு நாய்க்குக் கேட்கும்.

"செல்லும்."

"எது?" என்றார் அத்தை, பதறி.

"நம்ம கல்யாணம். அன்னைக்கு நீ கேட்டியே. யோசிச்சுட்டேன். செல்லும்."

அத்தை மேடையைப் பார்த்தபடியே, "சரி, பேசாம இருங்க" என்றார். துவட்டிவிட்டு அவர் தோளில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை. கல்யாணம் நடந்தது.

அன்றைய மழை தெளிப்பா முழுக்கா என்பதில் மாமா கடைசிவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. அதனால் அடுத்த ஞாயிறே லோங்காங் பலகைக்குத் திரும்பிவிட்டார். ஒரே வித்தியாசம், கிரேஸ் அத்தை முன்வரிசையை விட்டு எழுந்து வந்து, அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டார். பாட்டுப் புத்தகத்தை ஜன்னல் கம்பிக்கு நடுவே இருவருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொள்வார். கீழ்க்குரல் பின்தங்குவது அதற்குப் பிறகு நின்றுவிட்டது என்று வாத்தியார் சொன்னார்.

கடை விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் வேலை கிடையாது. தெளிப்பும் முழுக்கும் எனக்கு இன்றைக்கும் விளங்காது. ஆனாலும் மறுபடி மழை வந்தால் அவருக்குக் குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே என்று, அந்தப் பலகையில் கொஞ்சம் இடம் கேட்டு நானும் ஏறி நின்றுகொண்டேன்.